சூட்டுக்கோல் சீனாவிலிருந்து வந்ததா?

இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் சயாட்டிகா வலிக்குச் சூடு வைத்து, புண் சீழ்பிடித்த பிறகு முதுகெலும்பு மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் உண்டு. ஒருவர் செல்போனில், சூடு வைப்பதைக் காட்டும் பழைய வண்ண ஓவியம் ஒன்றைக் காட்டினார். "துருக்கியிலேயே செய்திருக்காங்க டாக்டர், சீன வைத்தியமாம்."

படம் நிஜம்தான். 1465-ல் அமாஸ்யா நகரத்து மருத்துவர் ஷெரஃபெத்தீன் சபுன்ஜுஓலு எழுதிய அறுவை சிகிச்சை நூலில் உள்ளது. கிட்டத்தட்ட எண்பது வயதில், உள்ளூர் வைத்தியர்களுக்குப் புரியட்டும் என்று துருக்கி மொழியில் எழுதினார். பெரும்பகுதி, ஸ்பெயினில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ஸஹ்ராவி 450 ஆண்டுகளுக்கும் மேல் முன்பு எழுதிய அரபு நூலைத் தழுவியது. அதில் வரைந்திருந்தது கருவிகளைத்தான். இவரோ நோயாளி எப்படிப் படுக்க வேண்டும், மருத்துவர் எங்கே கைவைக்க வேண்டும் என்பதையும் வண்ணத்தில் காட்டிவிட்டார். பெண் மருத்துவர்கள்கூட அந்தப் படங்களில் வருகிறார்கள்.

சரி, சீனா எங்கே வந்தது? சபுன்ஜுஓலு 14 ஆண்டுகள் வேலை பார்த்த அமாஸ்யா மருத்துவமனை, 1308-09-ல் ஈரானை ஆண்ட மங்கோலிய சுல்தான் ஒல்ஜைத்துவின் ஆட்சியில், அவர் மனைவி இல்துஸ் காத்தூனின் பெயரில் எழுந்தது. அதே ஒல்ஜைத்துவின் அமைச்சர் ரஷீதுத்தீன்தான் ஈரானின் தப்ரீஸ் நகரில் சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்க வைத்தவர். நாடி பார்க்கும் முறையும் உள்ளுறுப்புப் படங்களும் கொண்ட அந்தத் தொகுப்பின் 1313-ஆம் ஆண்டுச் சுவடி இன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது.

ஆக, பாதை இருந்தது. அதன் வழியே அறுவை சிகிச்சையும் வந்ததா என்பது வேறு கேள்வி. சபுன்ஜுஓலு சூடு வைக்கும் சில இடங்கள் சீன முறையை ஒத்திருப்பதாகச் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது மெலிந்த ஆதாரமாகத்தான் படுகிறது. சீனர்கள் மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைப் புகையவிட்டுச் சூடு காட்டினார்கள்; தழும்பு விழும்படி செய்ததும் உண்டு. சபுன்ஜுஓலு கையில் இருப்பதோ ஸஹ்ராவி வழிவந்த, பழுக்கக் காய்ச்சிய இரும்பு.

எங்கிருந்து வந்திருந்தால் என்ன, இடுப்பெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றால் தோலைச் சுடுவது அந்த வட்டை எட்டாது. பெரும்பாலோருக்கு ஓய்வும் மாத்திரையும் நடைப்பயிற்சியுமாக 6 முதல் 12 வாரங்களில் வலி தானாகவே தணியும். அந்தச் சமயத்தில் சூடு வைத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது! சர்க்கரை நோயாளிக்கோ அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது.

சிறுநீர் போவதில் திடீர்ச் சிக்கல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எம்ஆர்ஐ வசதி உள்ள மருத்துவமனைக்கு ராத்திரியே கிளம்புங்கள். தாமதித்தால் நரம்பு முழுசாக மீளாமல் போகலாம்.