சோல்ஃபுல் டிஸ்கோ: ‘ஆன்மிக டிஸ்கோ’ அல்ல

‘ஆன்மிக டிஸ்கோ’ என்று படித்ததும் ஐயப்ப சீசனில் தெருமுனை ஸ்பீக்கரில் அலறும் வேகப் பாட்டுதான் நினைவுக்கு வரும். எழுதியவர் சொல்ல வந்ததோ 1970களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒலித்த நடன இசை. அந்த வகை இசையின் ஆங்கிலப் பெயரான ‘சோல்ஃபுல் டிஸ்கோ’வை இப்படிப் பெயர்ப்பது வாடிக்கையாகிவிட்டது. அகராதியில் சோல் என்றால் ஆன்மா. அதில் ஒரு ‘இகம்’ ஒட்டினால் வேலை முடிந்தது.

டிஸ்கோ, ‘டிஸ்கோதெக்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கம். நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோதெக்’ போல, இசைத்தட்டு வைக்கும் இடம் டிஸ்கோதெக். பிறகு, மேடையில் வாசிப்பவர்கள் இல்லாமல் தட்டைச் சுழலவிட்டு ஆடும் இடத்துக்கு அந்தப் பெயர் போனது, அங்கிருந்து பாட்டுக்கு. சோல், கறுப்பின அமெரிக்கர்கள் தேவாலயப் பாட்டு முறையைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்ததில் பிறந்த வகை. 1969இல் அமெரிக்க இசை இதழான பில்போர்ட், கறுப்பினப் பாட்டுகளுக்கான தன் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ விற்பனைப் பட்டியலுக்கே ‘சோல்’ என்று பெயர் மாற்றியது. வகைப் பெயர், வேதாந்தம் அல்ல.

‘சோல்ஃபுல்’ என்ற அடைமொழி என்ன வேலை செய்கிறது என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் என்ற ஃபிலடெல்ஃபியாக் குழு 1973இல் வெளியிட்ட ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டைப் போடுங்கள். டிரம் வாசிக்கும் எர்ல் யங்கின் கால் டிரம் நாலு எண்ணிக்கையிலும் சமமாக விழுகிறது. இரண்டு அடிக்கு நடுவில் ஹைஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டு திறந்து ‘ட்ஸ்ஸ்’ என்கிறது. டிஸ்கோ தாளம் அதுதான். அதன்மேல் குழுவின் முதன்மைப் பாடகர் டெடி பெண்டர்கிராஸ் கரகரத்த குரலில் இழந்த காதலுக்காகக் கதறுகிறார். கால் ஆடுகிறது, குரல் அழுகிறது. டிஸ்கோ பாடகி லொலீட்டா ஹாலோவேயும் அப்படித்தான்: கேரவன்ஸ் என்ற தேவாலயப் பாடற்குழுவிலிருந்து வந்தவர், பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போவார். அடியில் ஓடுவது வயலின், பித்தளைக் குழல்கள், கையால் வாசித்த பேஸ் கிட்டார். 1977இல் டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி தரும் பேஸில் ஓடுகிறது. டிஸ்கோதான், ஆனால் இந்த அடைமொழியை அதற்கு யாரும் முதலில் கொடுப்பதில்லை. பாடும் விதத்துக்கும் ஆள் வாசிக்கும் வாத்தியத்துக்கும் வைத்த பெயரை இறைநம்பிக்கைக்கு வைத்த பெயராக்கினால், பாதி காதல் பாட்டும் பஜனைக் கணக்கில் போய்விடும்.

வடமொழி வேண்டாம் என்பவர்கள் ‘உயிர் வட்டிசை’ என்கிறார்கள். நோக்கம் நல்லது, சொல் நிற்காது. உயிரியல், உயிரணு, உயிர்வளி என்று பழகிய வாசகருக்கு முன்னால் வரும் ‘உயிர்’ ஆய்வுக்கூடத்தைத்தான் காட்டும். வட்டிசை இன்னும் மோசம். வட்டும் இசையும் புணர்ந்ததும் காதில் விழுவது வட்டி. மாதக் கடைசியில் இந்தச் சொல்லைக் கேட்டு யாருக்கும் ஆடத் தோன்றாது. அதைவிடப் பெரிய பிழை, வட்டு என்பதே குறுவட்டு, வன்வட்டு என்று கணினியோடு வந்து பரவிய வழக்கு. 70களில் சுழன்றதை நம்மவர்கள் இசைத்தட்டு என்றார்கள், ரெக்கார்டு என்றார்கள். தவிர, தட்டில் வந்ததெல்லாம் டிஸ்கோ என்றால் எம்.எஸ். சுப்புலட்சுமியும் டிஸ்கோதான். கஜலையும் கவாலியையும் பெயர் மாற்றாமல் கேட்கிறோம். டிஸ்கோவும் சோலும் அப்படியே இருக்கட்டும்.

பெயர்க்க வேண்டியது அடைமொழியை மட்டும். அதற்கு ‘உருக்கம்’ இருக்கிறது. திருவாசகத்துக்கு உருகாதார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்கிறோம்; காதல் கடிதத்தையும் உருக்கமாக எழுதினான் என்கிறோம். கோயிலில் பிறந்து காதலுக்கு வந்த குரலுக்கு இரண்டு பக்கமும் செல்லும் சொல் வேறு எது? ‘ஆத்மார்த்தமான’ என்பது கிட்டே வருகிறது, ஆனால் அது பாடுபவரின் மனசாட்சிக்குச் சான்றிதழ். குரலில் கேட்பதைச் சொல்லவில்லை.

ஆக, ‘சோல்ஃபுல் டிஸ்கோ’ உருக்கமான டிஸ்கோ. ‘சோல்ஃபுல் வோக்கல்ஸ்’ உருக்கமான குரல். சோல் பாடகர், சோல் பாடகர்தான். ஒரே எச்சரிக்கை: இதையும் சுருக்குகிறேன் என்று ‘உருக்கிசை’ ஆக்கிவிடாதீர்கள். உருக்கு என்றால் எஃகு. அடுத்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சேலம் ஆலையின் சங்கொலி என்று எழுதுவார்.