முடி கொட்டுவதற்கான மாத்திரை உடம்பில் எங்கெல்லாம் வேலை செய்கிறது?

முடி கொட்டுவதற்காக ஆண்களுக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையில் மருந்து 1 மில்லிகிராம்தான். விழுங்கிய பிறகு, இரத்தத்தில் கலந்த மருந்தில் பாதி ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் காலியாகிவிடும். ஆனால் அதற்குள் அது செய்துவிட்டுப் போகும் வேலை பல நாட்களுக்கு நிற்கும். தலையில் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பலன் கையைவிட்டுப் போகாமலிருக்க வருடக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். 25 வயதில் தொடங்குபவர் 50 வயதிலும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். சர்க்கரைக்கோ இரத்தக் கொதிப்புக்கோ இப்படிக் காலம் முழுக்க மருந்து எடுப்பதை நாம் புரிந்துகொள்கிறோம். இதை எடுப்பவர்களோ பெரும்பாலும் எந்த நோயும் இல்லாத இளைஞர்கள். அதனாலேயே இந்த மருந்தின் கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் முடியைப் பார்ப்போம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென்று ஒரு சுற்றில் ஓடுகிறது. இரண்டு முதல் ஆறு வருடம் வரை முடியை வளர்க்கும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும். அப்புறம் பழைய முடி உதிர்ந்து புதியது முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை சீப்பில் வருவது இந்தச் சுற்றின் இயல்பு. வழுக்கை விழும் தலையில் நடப்பது வேறு. வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வருகிறது. மயிர்க்காலும் ஒவ்வொரு முறையும் சிறிதாகிறது. தடித்த கறுப்பு முடி வந்த இடத்தில் அடுத்த முறை மெல்லிசாக, அதற்கடுத்த முறை பூனைமுடி போல வருகிறது. கடைசியில் கண்ணுக்கே தெரிவதில்லை. நெற்றியிலும் உச்சியிலும் இது நடக்கும்போது பின்மண்டை முடி அப்படியே இருக்கும்.

இதற்கும் ஆண் ஹார்மோனுக்கும் தொடர்பு இருப்பதை 1942-இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் எழுதிக் காட்டினார். பருவம் அடையும் முன்பே விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களில் பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது முடி கொட்டத் தொடங்கியது. ஆக, ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். ஆனால் இந்தக் கண்டுபிடிப்பை வைத்து மருந்து செய்ய முடியாது. முடிக்காக டெஸ்டோஸ்டிரோனையே நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

வழி கிடைத்தது டொமினிக்கன் குடியரசில், சலினாஸ் என்ற கிராமத்தில். அங்கே சில குடும்பங்களில் பெண் குழந்தைகள் என்று நினைத்து வளர்க்கப்பட்ட சிலர், பருவ வயதில் குரல் உடைந்து, தசை திரண்டு, ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இவர்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனை இன்னொரு ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி (என்சைம்) இவர்கள் உடலில் பிறவியிலேயே சரியாக இல்லை. அந்த நொதியின் பெயர் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். அது உண்டாக்கும் ஹார்மோன் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டிஎச்டி. கருவிலேயே ஆண் பிறப்புறுப்பு வடிவெடுக்க டிஎச்டி வேண்டும். அது இல்லாததால் இவர்கள் பிறக்கும்போது பெண் போலத் தெரிந்தார்கள். பெரியவர்களான பிறகு, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி இவர்களுக்கு மிகச் சிறிதாகவே இருந்தது. நெற்றி ஏறவுமில்லை.

அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துதான் ஃபினாஸ்டரைடு. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தடுக்கும் விதம்தான் இதில் அழகு. ஃபினாஸ்டரைடு மூலக்கூறு பார்ப்பதற்கு டெஸ்டோஸ்டிரோனைப் போலவே இருப்பதால், நொதி அதையும் பிடித்து மாற்றப் பார்க்கிறது. பாதி வேலையில் மருந்து நொதியோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்குள் சாவி ஒடிந்து மாட்டிக்கொண்டால் எப்படியோ அப்படி. இந்தப் பிடி பாதியளவு தளரவே சுமார் 30 நாள் ஆகும். ஆறு மணி நேரத்தில் குறைந்துபோகும் மருந்து ஒரு நாள் முழுக்க வேலை செய்வதும், ஒரு வேளை மாத்திரையை மறந்தால் ஒன்றும் ஆகாததும் இதனால்தான். உடல் புதிது புதிதாக நொதியைச் செய்துகொண்டே இருப்பதால், மாத்திரையை அடியோடு நிறுத்தினால் இரண்டு வாரத்தில் டிஎச்டி பழைய அளவுக்கு வந்துவிடும்.

இரத்தத்தில் டிஎச்டி சுமார் 70 சதவீதம் குறைகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை, லேசாகக் கூடவும் செய்கிறது. தலையில் கிடைக்கும் பலனும் உண்மையானது. தொடக்கச் சோதனைகளில், உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் முடிகளை எண்ணினார்கள். ஆரம்பத்தில் சராசரியாக 876. ஒரு வருடம் கழித்து, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களுக்கு 107 முடி அதிகம். ஐந்து வருடத்தில் இந்த வித்தியாசம் 277 ஆனது. இதை மருந்து முளைக்க வைத்த முடி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஐந்து வருடமும் இழந்துகொண்டே வந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்கள் அந்த இழப்பிலிருந்து தப்பித்தார்கள். இந்த மருந்தின் பெரிய பலன் இருப்பதைக் காப்பாற்றுவதுதான். முழு வழுக்கையில் காடு வளர்க்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

இனி பக்கவிளைவு. இந்த வார்த்தையைக் கேட்டதும், மருந்தில் ஏதோ வேண்டாத சரக்கு கலந்திருப்பதுபோல நினைக்கிறோம். அப்படி எதுவும் இல்லை. மாத்திரை இரத்தத்தில்தான் கலக்கிறது, தலைக்கு மட்டும் போ என்று அதற்குச் சொல்ல முடியாது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி புராஸ்டேட்டில் இருக்கிறது, தோலில் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது. தலையில் நாம் விரும்பிக் கேட்கும் அதே வேலையை மருந்து அங்கெல்லாமும் செய்கிறது.

முதலில் பாலியல் சிக்கல்கள். நாட்டம் குறைவது, விறைப்பு குறைவது, விந்தின் அளவு குறைவது. முதல் வருடச் சோதனையில் இப்படி ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 3.8 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 2.1 சதவீதம். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியானது, தொடர்ந்து சாப்பிட்டபோதே சரியானவர்களும் உண்டு. சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அங்கே கட்டி தென்பட்டாலோ, காம்பில் நீர் கசிந்தாலோ காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சிக்கல் நீடிப்பதாகச் சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கழகம் இதை மருந்தின் விவரத்தாளில் சேர்க்க வைத்தது. இதை மனப்பிரமை என்று தள்ளிவிடும் மருத்துவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஓர் ஆதாரமும் இருக்கிறது. 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் பாதிப் பேரிடம் மட்டும் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. சொல்லப்படாதவர்களில் சுமார் 15 சதவீதம். பயமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்த 15 சதவீதம் பேருக்கு யாரும் எதையும் சொல்லவில்லையே! பயம் உண்டு என்பதற்காக மருந்தின் வேலை இல்லாமல் போய்விடாது. வந்து சொல்பவரை நம்பி, விசாரித்து, தேவைப்பட்டால் மருந்தை நிறுத்துவதுதான் முறை.

அடுத்தது மனம். எனக்கு இதில்தான் கவலை அதிகம். மூளையில் இந்த நொதி டெஸ்டோஸ்டிரோனோடு நிற்பதில்லை, புரோஜெஸ்ட்ரோனையும் மாற்றுகிறது. அந்த வழியில் உருவாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையின் படபடப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளுக்கு வலுவூட்டுகிறது. நொதியைத் தடுத்தால் இந்தப் பொருளும் குறையலாம். மனச்சோர்வுக்கும் மருந்துக்கும் இடையில் இருக்கக்கூடிய வழி இது என்று கருதப்படுகிறது. 2022-இல் அமெரிக்காவில் 1 மில்லிகிராம் மாத்திரையின் விவரத்தாளில் தற்கொலை எண்ணமும் சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடு மாத்திரையின் பக்கவிளைவுதான் என்று உறுதி செய்தது. பெரும்பாலான புகார்கள் முடிக்காக 1 மில்லிகிராம் எடுத்தவர்களிடமிருந்து வந்தவை. கோடிக்கணக்கானோர் எடுத்த மருந்தில் இது அரிது. ஆனாலும், காரணமில்லாமல் மனம் கனக்கிறது, தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பே மனச்சோர்வு இருந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் 104-ஐயோ, டெலி மானஸ் எண்ணான 14416-ஐயோ உடனே அழைக்கலாம்.

வருடங்கள் ஓடிய பிறகு வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆண்களுக்கு ஐம்பதை ஒட்டி பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள், புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவுவது அது. ஃபினாஸ்டரைடு இந்த எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அறிக்கையில் 2.5 என்று வந்திருந்தால், மருந்து எடுப்பவருக்கு அதை 5 என்று படிக்க வேண்டும். 2.5-ஐப் பார்த்துப் பயமில்லை என்று அனுப்பிவிடும் இடத்தில் 5 மேல் பரிசோதனைக்கு அனுப்ப வைக்கும். முடிக்கான மாத்திரைதானே, இதையெல்லாம் சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் எதற்குச் சொல்வது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள். இரத்த தானம் செய்யும்போதும் சொல்ல வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் பொறுத்துத்தான் கொடுக்கலாம் என்பது அமெரிக்க இரத்த வங்கிகளின் விதி. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் சலினாஸில் பிறவிக் குறையால் நடந்தது இங்கே மருந்தால் நடக்கலாம். இதே காரணத்துக்காகக் கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது.

டூட்டாஸ்டரைடு இதன் உறவுக்காரன், வீரியம் அதிகம். டிஎச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது, இரத்தத்தில் பாதியாகவே சுமார் ஐந்து வாரம் எடுத்துக்கொள்கிறது. இரத்த தானத்துக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பக்கவிளைவு வந்து நிறுத்தினாலும் மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும். தலையில் தெளிக்கும் ஃபினாஸ்டரைடு திரவங்களும் இப்போது வந்துவிட்டன. தோல் வழியாக அதுவும் இரத்தத்துக்குப் போகிறது. மருந்துக்கடைகள் தாங்களே கலந்து தயாரிக்கும் இத்தகைய திரவங்களைப் பற்றி 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கழகம் எச்சரிக்கை விட்டது.

மினாக்சிடில் கதை வேறு. அது இரத்தக் கொதிப்புக்காக வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து, 1988-இல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். இது டிஎச்டியைத் தொடுவதே இல்லை. மயிர்க்காலில் இருக்கும் வேறொரு நொதி இதை மினாக்சிடில் சல்ஃபேட்டாக மாற்றினால்தான் வேலை செய்யும், அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பலனும் குறைவு. ஓய்விலிருக்கும் மயிர்க்கால்களை இது அவசரமாக வளர்ச்சிக்குத் தள்ளுவதால் பழைய முடிகள் ஒன்றாக உதிரும். முதல் சில வாரங்களில் முடி கொத்தாக வருவது அதனால்தான். தலையில் அரிப்பு, முகத்தில் முடி, சிலருக்குப் படபடப்பு, கால் வீக்கம் ஆகியவை வரலாம். குறைந்த அளவில் மாத்திரையாகவும் இப்போது எழுதித் தருகிறார்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடவிய தலையோ கையோ குழந்தையின் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர் தடவிய மருந்து பட்டு உடலெங்கும் முடி வளர்ந்த குழந்தைகளை ஐரோப்பாவில் பார்த்திருக்கிறார்கள். மருந்து படுவது நின்றதும் அது சரியானது. பூனைகளுக்கோ இந்த மருந்து நஞ்சு, நக்கினாலே உயிர் போகலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் இருக்கும் கேள்வி. மினாக்சிடிலை விட்டால் மூன்று நான்கு மாதத்திலும், ஃபினாஸ்டரைடை விட்டால் ஒரு வருடத்துக்குள்ளும், மருந்து பிடித்து வைத்திருந்த முடி போய்விடும். நிறுத்தியதால் தலை முன்பைவிட மோசமாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். ஐந்து வருடம் கழித்து நிறுத்துபவருக்கு, அந்த ஐந்து வருடத்தில் இயல்பாகக் கொட்டியிருக்க வேண்டியதெல்லாம் சில மாதத்தில் கொட்டுவதால் அப்படித் தோன்றுகிறது. மருந்தையே தொடாமல் இருந்திருந்தால் இன்று எப்படி இருக்குமோ, தலை அந்த நிலைக்குத்தான் போய்ச் சேர்கிறது.