வேண்டும் வேறு, பிடிக்கும் வேறு

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு வீடு திரும்பினேன். வைக்க இடம் தேடிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டால், அங்கே ஏற்கெனவே ஒரு பை. போன வருடத்துப் பை. பில்கூட உள்ளேயே இருந்தது. மொத்தம் 14 புத்தகங்கள், நான் படித்து முடித்தது 3. அதைவிடக் கொடுமை, புதுப் பையில் இருந்த ஒரு நாவல் பழைய பையிலும் இருந்தது.

“படிக்கத்தானே வாங்குகிறாய்?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூளையைக் கேட்டால் வேறு பதில் வரும். தமிழில் ‘எனக்கு வேண்டும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று இரண்டு வினைகள் தனித்தனியாக இருக்கின்றன அல்லவா? மூளைக்குள்ளும் அவை தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

இதைக் காட்டிக்கொடுத்தவை எலிகள். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் எலிகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகளை அழித்துப் பார்த்தார்கள். டோபமைன்தான் இன்பம் தரும் ரசாயனம் என்று அப்போது பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த எலிகள் பக்கத்தில் தீனி இருந்தும் எட்டிப் பார்க்கவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியிலேயே செத்துவிடும். சரி, இன்பமே போய்விட்டது போல என்று நினைத்து நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டினால், மற்ற எலிகளைப் போலவே சப்புக்கொட்டின. அவற்றுக்குப் பிடிப்பது அப்படியே இருந்தது. வேண்டும் என்பது மட்டும் காணாமல் போயிருந்தது.

பின்னர் பெரிட்ஜ் நேர்மாறான சோதனையும் செய்தார். மூளையின் ஒரு பகுதியில் மின்சாரம் கொடுத்துத் தூண்டியபோது எலிகள் அள்ளி அள்ளித் தின்றன. ஆனால் முகத்தில் கூடுதல் ரசனைக்கு அடையாளமே இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கட்டிலடிப் பைதான் நினைவுக்கு வந்தது.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்புகளை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கில் எதிர்பாராமல் பழச்சாறு விழுந்தால் அந்த நரம்புகள் படபடக்கும். சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்டால், படபடப்பு விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது நரம்புகள் சும்மா இருக்கும், அது தெரிந்த கதைதானே. நம் விஷயத்தில் அட்டைப்படம், பின்னட்டை வாசகம், புதுத்தாள் வாசனை எல்லாம் விளக்கு. படிப்பது சாறு. கடையில் நிற்கும்போதே படபடப்பு முடிந்துவிடுகிறது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் பல வருடமாகத் தேடிய நூல் 30 ரூபாய்க்குச் சிக்கினால் ஏன் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்: எதிர்பாராத சாறு.

குரங்கையும் எலியையும் வைத்து மனிதனைப் பேசலாமா என்று கேட்பீர்கள். பார்க்கின்சன் நோயாளிகளிடம் இதற்குச் சான்று இருக்கிறது. அந்த நோயில் டோபமைன் குறைவதால், அதன் வேலையைச் செய்யும் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். நடை சீராகும், ஆனால் சிலருக்கு வாங்கும் வெறியும் சூதாட்ட வெறியும் கூடவே வந்துவிடும். வட அமெரிக்காவில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், 5.7 சதவீதம் பேருக்குக் கட்டுப்படுத்த முடியாமல் பொருள் வாங்கும் பழக்கம் இருந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ இந்த வெறி பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

விலையும் விளையாடுகிறது. ஸ்டான்ஃபோர்டின் பிரையன் நட்சன் குழு 2007-ல் 26 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பொருளையும் விலையையும் காட்டியது. பிடித்த பொருளைப் பார்த்ததும் மூளையின் ஆசைப் பகுதி விழித்தது. விலை அதிகம் என்றால், அருவருப்பிலும் வலியிலும் வேலை செய்யும் இன்சுலா என்ற பகுதி விழித்தது. எது ஜெயிக்கிறதோ அதன்படி ‘வாங்கு’ அல்லது ‘வேண்டாம்’. புத்தகக் காட்சியின் 10 சதவீதத் தள்ளுபடி இன்சுலாவைத் தாலாட்டித் தூங்கவைக்கிறது என்பது என் ஊகம். கார்டும் அதையே செய்கிறது: 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு, ரொக்கம் என்றால் தருவதாகச் சொன்ன தொகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கை கிரெடிட் கார்டு என்றதும் தருவதாகச் சொன்னார்கள். க்யூஆர் கோடுக்கும் இது பொருந்தும் என்று என் வங்கிக் கணக்கு சொல்கிறது.

இதெல்லாம் சட்டைக்கும் செருப்புக்கும்கூடப் பொருந்தும். புத்தகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: அதைப் பயன்படுத்த நேரமும் வேண்டும். காசு விஷயத்தில் நாம் ஓரளவு கறார்; அடுத்த மாதமும் இதே சம்பளம்தான் என்று தெரியும். நேரம் விஷயத்தில் அப்படி இல்லை. கல் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இருவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வருங்காலத்தில் கையில் உபரியாக நேரம் இருக்கும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள். உபரிப் பணம் பற்றி அவ்வளவு நம்பிக்கை இல்லை. ‘பொங்கல் கழியட்டும்’, ‘பரீட்சை முடியட்டும்’, ‘ரிட்டயர் ஆகட்டும்’ எல்லாம் இந்த வகைதான்.

என் கணக்கைச் சொல்கிறேன். ராத்திரிக்கு 20 பக்கம், ஒரு நாளும் தவறாமல் படித்தால் வருடத்துக்கு 7,300 பக்கம். சராசரி 250 பக்கம் என்றால் 29 புத்தகம். படிக்காமல் இருப்பவை சுமார் 190. அதாவது இன்று முதல் எதுவும் வாங்காவிட்டால் ஆறரை வருடத்தில் முடிப்பேன். தவறாத நாள் என்று ஒன்று இருந்தால்!

எதை வாங்குகிறோம் என்பதிலும் ஒரு வேடிக்கை. இன்று ராத்திரி பார்க்க ஒரு படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மசாலாப் படத்தையும், சில நாள் கழித்துப் பார்க்க என்றால் கனமான படத்தையும் எடுப்பவர்கள் அதிகம் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பை நிறைய தத்துவமும் வரலாறும் இருக்க, நான் ராத்திரி கையில் எடுப்பது துப்பறியும் கதை.

அப்படியானால் இது நோயா? வாங்கும் வெறிக்குப் பழைய மருத்துவர்கள் ‘ஓனியோமேனியா’ என்று பெயரே வைத்தார்கள். இன்றும் அதைத் தனி நோயாகக் கொள்வதா என்று வழக்கு ஓய்ந்தபாடில்லை. கடன் வாங்கி, பில்லை ஒளித்து, வீட்டில் சண்டை என்று போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். இங்கிலாந்தின் தாமஸ் பிலிப்ஸ் (1792–1872) அந்த ரகம். உலகிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்றவர். கடனில் மூழ்கி, குடும்பம் நடமாட இடமில்லாமல் வீட்டை நிரப்பினார். சுமார் 60,000 கையெழுத்துப் படிகள்! அவர் போன பிறகு விற்கத் தொடங்கியது ஏறக்குறைய நூறு வருடம் இழுத்தது. ஆனால் அழிந்துபோயிருக்க வேண்டிய பல சுவடிகள் பிழைத்ததும் அவரால்தான்.

சேர்ப்பவர் எல்லோரும் பிலிப்ஸ் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைந்தபின், 1994-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. எத்தனை படித்தார் என்று அவரை இன்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தச் சாக்கு செல்லாது, கட்டிலடியில் இருப்பவை எல்லாக் கடையிலும் கிடைப்பவை. அதனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, 1,500 ரூபாய் ரொக்கத்தோடு மட்டும் மறுபடி ஒரு நாள் காட்சிக்குப் போனேன். ஏழு புத்தகத்தோடு பணம் தீர்ந்தது. எட்டாவதுக்கு, கூட வந்த நண்பரிடம் கடன் வாங்கினேன்.