ஒட்டுறதும் மருந்துதான்

“ஒட்டுறதுதானே பிள்ளே, உள்ளுக்குக் குடிக்கிறதில்லையே.”

மார்த்தாண்டம் பக்கத்தில் மருந்துக்கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதம் கிடையாது. போன மாதம் இதைச் சொன்னது ஒரு அம்மா. கணவருக்குப் புற்றுநோய் வலி. மருத்துவமனை ஒன்றில் ஃபென்டனில் பேட்ச், அதாவது கடும் வலிக்குத் தோலில் ஒட்டுகிற மருந்துப் பட்டை, கொடுத்து அனுப்பியிருந்தார்கள். (இது என் கடையில் விற்கிற மருந்து இல்லை. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும்.) அந்த அம்மா என்னிடம் வாங்க வந்தது குளுக்கோஸ் பொடி. “ரெண்டு நாளா தூங்கிட்டே கெடக்காரு. எழுப்புனா முழிக்காரு, உடனே கண்ணு சொருவுது. சாப்பிடாத தளர்ச்சியா இருக்கும்.”

எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டேன். இடுப்பில். வலி அங்கேதானே. அதன்மேல் காலையும் மாலையும் உப்புக்கிழி ஒத்தடம். பழைய பேட்சை எடுத்தீர்களா? “அது நல்லா ஒட்டித்தானே இருக்கு, எதுக்கு உரிக்கணும்?”

இது தளர்ச்சி இல்லை, மருந்து மிஞ்சிப்போன மயக்கம். குளுக்கோஸ் பொடியை எடுத்து வைத்துவிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இதே மாதிரி எத்தனை வீடுகளில் நடக்கிறது, அதில் எத்தனை பேர் குளுக்கோஸ் வாங்கக் கடைக்கு வருகிறார்கள்?

அந்த அம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. குமரி மாவட்டத்தில் வர்ம வைத்தியம் தெரிந்தவர் இல்லாத ஊர் குறைவு. அடிபட்டால் எண்ணெய் தடவு, ஒத்தடம் கொடு, பற்றுப் போட்டு வலிக்கிற இடத்தில் கட்டு. இதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம், அதனதன் இடத்தில் அது சரிதான். அதே கைப்பழக்கத்தை பேட்சுக்கும் கொண்டுபோனால்தான் ஆபத்து.

உள்ளுக்குப் போகாது என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பேசுவோம். 1979-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற பேட்ச் எதற்குத் தெரியுமா? பயணத்தில் வரும் வாந்திக்கு. ஒட்டுவது காதுக்குப் பின்னால். காதுக்குப் பின்னால் ஒட்டியதற்கு வாந்தி எப்படி நின்றது? மருந்து தோலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போனதால். மாத்திரையும் கடைசியில் ரத்தத்துக்குத்தான் வருகிறது. ஆனால் அது குடலுக்குப் போய், கல்லீரலில் ஒரு பங்கு அழிந்து, மீதிதான் வரும். பேட்ச் மருந்துக்கு அந்தச் சுங்கச்சாவடி கிடையாது, நேரே ரத்தம். ‘வெறும் ஒட்டு’ என்று நீங்கள் சொல்வது பல நேரம் மாத்திரையைவிட நேரடியான வழி. மாத்திரை என்றால் வேளைக்கு ஒன்றோடு முடிந்தது. பேட்ச் நீங்கள் தூங்கும்போதும் மருந்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு அப்புறமும் உள்ளுக்குப் போகாது என்று சொன்னால் நான் என்ன செய்ய?

வலிக்கிற இடத்திலேயே ஒட்டுகிற வகையும் உண்டு. மூட்டுவலி, சுளுக்குக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் பேட்ச், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் பேட்ச் எல்லாம் அப்படி. கடும் வலிக்கான ஃபென்டனில், பியூப்ரெனார்ஃபின், புகைப்பழக்கத்தை விடுவதற்கான நிக்கோட்டின், நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின், மறதி நோய்க்கான ரிவாஸ்டிக்மின் எல்லாம் உடம்பு முழுக்கப் போக வேண்டியவை. ஒருவர் நைட்ரோகிளிசரின் பேட்சை இதயத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்று விரல் வைத்து அளந்து ஒட்டிக்கொண்டிருந்தார். மேல்கையில் ஒட்டினாலும் அதே வேலைதான் செய்யும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம், இல்லையென்றால் உடம்பு பழகிப்போய் மருந்து பிடிக்காது. அதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

கடை வைப்பதற்கு முன் ஆறு வருடம் ஒரு மருந்து கம்பெனியில் பேட்ச் வடிவமைக்கும் பிரிவில் இருந்தேன். அதனால் தயாரிக்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நல்ல பேட்ச் என்றால் மூன்று நாள் விழாமல் இருக்க வேண்டும், உரிக்கும்போது தோல் கூடவே வரக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு சிலிக்கோன் பசை இதம், விலை கூடுதல். மூலை கூர்மையாக இருந்தால் உடுப்பில் உரசி முதலில் அதுதான் கிளம்பும், அதனால் வளைத்து வெட்டுவோம். பசையை மூடியிருக்கும் பின்தாளின் நடுவில் ஒரு கீறல் போடுவதும் உரிக்க வசதியாகத்தான். பசை எவ்வளவு பிடிக்கிறது என்று எஃகுத் தகட்டில் ஒட்டி உரித்துப் பார்ப்போம். எஃகு வியர்க்காது. குளச்சலில் கட்டுமரம் தள்ளுகிறவரின் முதுகு வியர்க்கும். குலசேகரத்தில் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் விரல்நுனி காய்த்துக் கிடக்கும், அந்த மெல்லிய பின்தாள் அவர் நகத்தில் அகப்படாது. பல்லால் கடித்து உரிக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வழிமுறையோ எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். பெரிய எழுத்தில் தமிழும் இரண்டு படமும் போட என்ன செலவாகிவிடும்?

நிறத்தையும் சொல்ல வேண்டும். உறுத்தாமல், வெளியே தெரியாமல் இருந்தால் சௌகரியம் என்று நினைத்துத்தான் கண்ணாடி போலச் செய்தோம். ஒட்டியதே மறந்துபோய் மேலே இன்னொன்று ஒட்டுகிறார்கள். கீழே விழுந்தால் கண்ணில் படாமல் குழந்தை கைக்குப் போகிறது. இதனால்தான் 2013-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, ஃபென்டனில் பேட்சின் மேல் பெயரையும் அளவையும் பளிச்சென்று தெரியும் மையில் அச்சிடச் சொன்னது. மறைந்திருப்பதுதான் சௌகரியம் என்று நாங்கள் நினைத்தது தப்பு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தோலில் எந்தப் பசையும் நிற்காது. வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முடி அதிகம் இல்லாத, வெட்டுக்காயம் இல்லாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துங்கள். முடி இருந்தால் கத்தரியுங்கள், சவரம் வேண்டாம். எண்ணெய்க்கும் வேலை உண்டு: பேட்சை எடுத்த பிறகு ஒட்டியிருக்கும் பசையைத் துடைக்க அதைவிட நல்லது இல்லை. இயற்கை ரப்பர் பசை போட்ட பழைய வகை பிளாஸ்திரிகள் இன்னும் விற்கின்றன. ரப்பர் பால் பட்டால் அரிக்கும் என்பவர்கள் வாங்கும்போதே சொல்லுங்கள்.

ஒத்தடம் கூடவே கூடாது. ஆய்வகத்தில் தோலின் வெப்பம் என்று 32 டிகிரி வைத்துத்தான் மருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று அளப்போம். உப்புக்கிழியின் சூடு எவ்வளவு இருக்கும், நீங்களே யோசியுங்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். சுடுதண்ணீர்ப் பை, காய்ச்சல் எல்லாம் அதே கதைதான். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெட்டாதீர்கள். சில பேட்சில் மருந்து ஒரு சின்னப் பைக்குள் ஜெல்லாக இருக்கும், வெட்டினால் மூன்று நாள் மருந்தும் ஒரேயடியாகத் தோலில் கொட்டும். சிலவற்றில் பசையிலேயே கலந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். காசு கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், குறைந்த அளவுள்ள பேட்ச் உண்டா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

புதியதை ஒட்டுமுன் பழையதை எடுங்கள். இடத்தையும் மாற்றுங்கள். ரிவாஸ்டிக்மின் பேட்சை காலையில் மகன் ஒட்ட, சாயங்காலம் மருமகள் இன்னொன்றை ஒட்டி, அந்த அப்பா வாந்தி எடுத்தே துவண்டுபோனார். தினசரி நாள்காட்டியில் ஒட்டிய நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள், போதும்.

எடுத்த பேட்சில் மருந்து தீர்ந்திருக்காது. ஃபென்டனிலில் நிறையவே மிச்சம் இருக்கும். வெளிநாட்டில் குழந்தைகள் அதை ஸ்டிக்கர் என்று எடுத்து ஒட்டியும் வாயில் வைத்தும் இறந்திருக்கிறார்கள். பசைப்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு, கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து தென்னந்தடத்தில் எறியாதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருக்கும்.

வலிக்கு பேட்ச் ஒட்டியிருக்கும் ஒருவர் எழுப்பினாலும் சரியாக விழிக்காமல், மூச்சு மெதுவாகி, குறட்டை போல இழுத்தால் அதைத் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்து ஒட்டியிருப்பதை எல்லாம் உரியுங்கள், அப்புறம் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேட்சை எடுத்த பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். உரித்த பேட்சையும் மடித்துக் கையோடு எடுத்துப் போங்கள், அதில் இருக்கும் அளவை மருத்துவர் பார்க்க வேண்டும்.