பிரான்ஸுக்குப் போகாத பணம்

தெற்கு பிரான்ஸில் கடராஷ் என்னுமிடத்தில் எழும்பிவரும் ஈட்டர் அணுக்கரு இணைவு உலையைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியபோது, “நம் வரிப்பணத்தை வெளிநாட்டில் உலை கட்ட அனுப்புவதற்குப் பதிலாக இங்கேயே ஆய்வுக்கு ஒதுக்கினால் என்ன?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி பிரான்ஸுக்குப் போவதே இல்லை.

உலையின் இயற்பியல் பள்ளிப் பாடத்தில் வருவதுதான். ஹைட்ரஜனின் இரு ஐசோடோப்புகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சுவரைத் தொடாதபடி காந்தப் புலத்தால் பிடித்து வைத்தால், அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகி ஆற்றலை வெளியிடும். இப்படிச் சூடேறி மின்னூட்டம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவுக்கு 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் பெறுவது ஈட்டரின் இலக்கு. இதைச் சேர்ந்து கட்டலாம் என்ற பேச்சு 1985இல் ஜெனீவாவில் ரேகனும் கோர்பச்சேவும் சந்தித்தபோது தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்பினர் 2006 நவம்பரில் பாரிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

ஊர்த் திருவிழாவுக்குச் செலவைப் பங்கிட நம்மிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று தலைக்கட்டு வரி: வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, விழாக்குழு செலவழிக்கும். மற்றொன்று மண்டகப்படி: இந்த நாள் இவர்களுடையது, அன்றைய அலங்காரமும் வாத்தியமும் பிரசாதமும் அவர்கள் பொறுப்பு. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகம் பெருமளவு முதல் வழியில் நடக்கிறது. உறுப்பு நாடுகள் தத்தம் தேசிய வருமானத்துக்கு ஏற்பப் பணம் கட்டுகின்றன. ஈட்டர் ஏறக்குறைய முழுவதும் மண்டகப்படி முறை. கட்டுமானப் பங்களிப்பில் சுமார் 90 சதவீதம் பொருளாகவே வருகிறது. மொத்தத்தைப் பதினோரு பங்காக்கினால், உலையைத் தன் மண்ணில் பெற்ற ஐரோப்பாவுக்கு ஐந்து, மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. ஆவணங்களில் காணப்படும் 45.46, 9.09 என்ற விசித்திரமான சதவீதங்கள் இப்படிப் பிறந்தவைதான். ஆனால் உலையிலிருந்து கிடைக்கும் அறிவியல் முடிவுகள் ஏழு தரப்பினருக்கும் முழுமையாக உரியவை.

ஒரு நாடு காந்தத்தையும் இன்னொரு நாடு குழாயையும் கொடுத்தால், இருவரும் சமமாகக் கொடுத்தார்கள் என்று எப்படி முடிவு செய்வது? யென்னும் ரூபாயும் யூரோவும் ஆண்டுதோறும் ஏறி இறங்குபவை. கூலியும் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே ஈட்டர் தனக்கென்று ஒரு கணக்கலகையே உண்டாக்கிக்கொண்டது. 1989 ஜனவரியில் 1,000 அமெரிக்க டாலருக்கு இருந்த வாங்கும் சக்தி ஓர் அலகு. ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த அலகில் முன்கூட்டியே மதிப்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. பாகத்தை ஒப்படைக்க ஒப்படைக்க அந்த மதிப்பு நாட்டின் கணக்கில் வரவு வைக்கப்படும். செய்துமுடிக்க உண்மையில் எத்தனை ரூபாய் ஆனது என்று கடராஷில் யாரும் கேட்பதில்லை. சிக்கனமாகச் செய்தால் லாபம் செய்தவருக்கு, கைமீறினால் நஷ்டமும் அவருக்கே. எந்தச் சந்தையிலும் செல்லாத இந்த நாணயம்தான் எனக்கு அந்த உலையிலேயே மிகவும் பிடித்த கருவி என்று சொன்னால், இயற்பியல் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். இதன் பக்கவிளைவு, உலையின் மொத்த விலை என்ன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது என்பது. 2018இல் அமெரிக்க எரிசக்தித் துறை 65 பில்லியன் டாலர் என்றது. ஈட்டர் நிர்வாகமோ சுமார் 22 பில்லியன் என்றது.

அடுத்தது யாருக்கு எந்தப் பாகம் என்ற கேள்வி. சிக்கனம் மட்டுமே நோக்கமாக இருந்தால், ஒரு பாகத்தை ஒரே ஆலையில் செய்வதே புத்திசாலித்தனம். ஈட்டர் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. கடினமான தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை எல்லோரும் விரும்பினார்கள். பிளாஸ்மாவைச் சுற்றி நிற்கும் 17 மீட்டர் உயர காந்தச் சுருள்கள் பதினெட்டுக்கும், கையிருப்புக்கான ஒன்றுக்கும் வேண்டிய நையோபியம்-வெள்ளீய மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்) இழையின் நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். இந்தியா நீங்கலாக ஆறு தரப்பினரும் இந்த மீக்கடத்தியைத் தயாரித்தார்கள். ஆறு அடுப்பில் ஆறு கைப்பக்குவம் என்றாலும் ருசி பார்த்த இடம் ஒன்றே: மாதிரிகள் ஸ்விட்சர்லாந்தின் வில்லிகன் ஊரிலுள்ள ஒரே சோதனைக்கூடத்தில், பூஜ்ஜியத்துக்குக் கீழே 269 டிகிரியை ஒட்டிய குளிரில் சோதிக்கப்பட்டன. ஆண்டுக்குச் சுமார் 15 டன்னாக இருந்த இந்த இழையின் உலக உற்பத்தி, ஈட்டரின் தேவையால் 100 டன்னாக உயர்ந்தது. பிறகு பத்துச் சுருள்களை ஐரோப்பாவும் ஒன்பதை ஜப்பானும் சுற்றின. பத்தொன்பதுக்கும் எஃகு உறைகளை ஜப்பானே செய்தது.

பிளாஸ்மா இருக்கும் வெற்றிடக் கலத்தின் கதை இன்னும் சிக்கலானது. அது ஒன்பது துண்டுகள், ஒவ்வொன்றும் 440 டன். தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு ஏழும் கொரியாவுக்கு இரண்டுமாகப் பிரித்து, பின்னர் ஐந்தும் நான்குமாக மாற்றினார்கள். அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே அடுக்கும் கதிர்வீச்சுத் தடுப்புக் கட்டிகள் இந்தியாவிலிருந்து போகின்றன. பல நாட்டவர் செய்த எஃகு, மில்லிமீட்டர் துல்லியத்தில் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. துண்டுகளின் விளிம்புகளில் அளவுப் பிசகும், வெப்பத் தடுப்பின் குளிரூட்டும் குழாய்களில் விரிசலும் இருப்பதை 2022 நவம்பரில் நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்தது; அவ்வாண்டு மே மாதம் குழியில் இறக்கிய முதல் தொகுதியை 2023 ஜூலையில் மீண்டும் வெளியே தூக்க வேண்டியதாயிற்று. 2025இல் தொடங்க வேண்டிய உலை 2034இல் ஆய்வைத் தொடங்கும் என்ற புதிய அட்டவணையும், 5 பில்லியன் யூரோ கூடுதல் செலவும் 2024இல் வெளியாயின. பாகங்களைச் செய்விக்கும் ஒவ்வொரு நாட்டின் முகமையும் தன் அரசுக்குத்தான் பதில் சொல்லும். தலைமையகத்துக்குப் பொறுப்பு உண்டு, பணப்பெட்டிச் சாவி இல்லை. வடிவமைப்பை மாற்றினால் செலவு யாருடையது என்ற சண்டையைத் தணிக்கப் பொதுவில் ஓர் இருப்பு நிதி ஏற்படுத்தவே பல ஆண்டுகள் பிடித்தன. மாறாக, உக்ரைன் போருக்கு நடுவிலும், 2022 நவம்பரில், ரஷ்யா தன் பங்கான வளையக் காந்தத்தை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கப்பலேற்றியதும் இதே ஏற்பாட்டில்தான்.

இனி வாசகரின் கேள்வி. உலை முழுவதையும் மூடும் கிரையோஸ்டாட் என்னும் வெற்றிட உறை இந்தியாவின் மண்டகப்படி: ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், அதேயளவு அகலம், 3,850 டன் எஃகு. அது குஜராத்தின் ஹஜிராவில் எல் அண்ட் டி ஆலையில் துண்டு துண்டாக உருவாகி, கப்பலில் போய், கடராஷில் பற்றவைக்கப்பட்டது. 1,250 டன் அடித்தளம் 2020 மே மாதம் குழியில் இறங்கியது. அதற்கான கூலி பெரும்பாலும் இங்கேதான் கொடுக்கப்பட்டது, அந்த எஃகைப் பிசகின்றிப் பற்றவைக்கும் தேர்ச்சியும் இங்கேதான் தங்கியது. ஈட்டரின் தாமதங்களைக் காட்டி இந்தப் பங்கை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்நாட்டு ஆய்வுக்கு நாம் ஒதுக்கும் தொகை போதாது என்பது வேறு வழக்கு, அதில் நான் வாசகரின் கட்சி. உலை இயங்கத் தொடங்கிய பின் இயக்கச் செலவில் இந்தியாவின் பங்கு 10 சதவீதமாகும். சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் எஃகாகக் கொடுக்க முடியாது என்பதால், வாசகர் இதே கேள்வியை 2034க்குப் பிறகு கேட்டால் எனக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல வராது.