கச்சான் சரையில் யாரோ ஒருவரின் அடையாள அட்டை எண்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் அலுவலகத்திடம் என்ன கேட்கிறது?

போன மாதம் காலிமுகத்திடலில் கச்சான் வாங்கித் தின்றுவிட்டுச் சரையை விரித்துப் பார்த்தால், யாரோ ஒரு பெண்ணின் கடன் விண்ணப்பப் படிவம். பெயர், வீட்டு முகவரி, சம்பளம், தேசிய அடையாள அட்டை எண் எல்லாம் தெளிவாக இருந்தது. ஏதோ ஒரு அலுவலகம் பழைய கடதாசியோடு கடதாசியாக அதையும் நிறுத்து விற்றிருக்கிறது. துண்டு துண்டாகக் கிழித்துத்தான் குப்பையில் போட்டேன், மனம் ஆறவில்லை.

அந்த எண் ஒன்றே எவ்வளவு சொல்லும் தெரியுமா? புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1990545 என்று தொடங்கினால் 1990 பெப்ரவரி 14ஆம் திகதி பிறந்த பெண். பிறந்த திகதியையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இதற்கென்று நம் இலங்கையில் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரச அலுவலகம், தனியார் கம்பனி இரண்டையும் கட்டுப்படுத்தும். ஒரேயடியாக நடைமுறைக்கு வரவில்லை, 2025 மார்ச்சில் வரவேண்டிய பகுதிகள் பின்போடப்பட்டு அதே ஆண்டில் திருத்தமும் வந்தது. அதனால் பலர் "இன்னும் நேரம் இருக்கிறதே" என்று இருக்கிறார்கள். மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

சட்டம் கேட்பது சிக்கலான விஷயம் இல்லை. என்ன தேவைக்கு என்று சொல்லித் தகவலை வாங்கு, அந்தத் தேவைக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்த பிறகு வைத்திருக்காதே, இருக்கும்வரை பிறர் கைக்குப் போகாமல் காப்பாற்று. உடல்நலம், மதம், இனம், அரசியல் கருத்து, கைரேகை, பிள்ளைகளின் விவரம் போன்றவற்றுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். விரல் வைத்து வரவு பதிகிற மெஷின் உள்ள எல்லா அலுவலகமும் இதற்குள் வரும்.

இதைக் கணினிப் பிரிவுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம், அங்கேதான் பிழை. என் கண்ணில் படுகிற கசிவெல்லாம் மேசையிலும் வாசலிலும்தான் நடக்கிறது. பிரிண்டரில் மதியம்வரை கிடக்கிற சம்பளப் பட்டியல், பூட்டாத லாச்சியில் மருத்துவ அறிக்கை, தேநீர் குடிக்கப் போனவரின் திறந்த திரை, "அவசரம், அனுப்புங்கோ" என்று வட்ஸ்அப் குழுவில் விழுகிற பாஸ்போர்ட் படம். அந்தப் படம் குழுவில் இருக்கிற இருபது பேரின் போனிலும் தங்கிவிடும், வேலையை விட்டுப் போனவரின் போனிலும்தான்.

வாசல் பதிவேட்டைப் பாருங்கள். கொள்ளுப்பிட்டியிலோ கோட்டையிலோ எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் பெயர், அடையாள அட்டை எண், போன் நம்பர் எழுதச் சொல்வார்கள், நான் எழுதும்போது எனக்கு முன்னால் வந்த பத்துப் பேரின் நம்பரும் என் கண்முன். தனியாகப் போன ஒரு இளம்பெண்ணின் நம்பர் அங்கே திறந்து கிடப்பது சின்ன விஷயமா? முந்தைய வரிகளை மூட ஒரு மட்டை போதும், காவலாளியிடம் கோபப்படாமல் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

நமக்கும் உரிமை இருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கவும் கோரலாம். வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் ஆவணங்களை அழிக்க மறுப்பார்கள், அது சரிதான்.

அப்புறம், அடையாள அட்டையின் போட்டோ கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். எண்ணும் படமும் மறையாமல் எழுதினால் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள், வேறு வேலைக்கு அதை எடுத்துப் பயன்படுத்துவதும் கஷ்டம்.