வாந்தி வந்தால்தான் கர்ப்பமா?

நேற்று ஓ.பி.க்கு ஒரு பெண் வந்திருந்தார். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. வயிறு உப்புசம், கேஸ் டிரபிள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஸ்கேன் வைத்தால் பதினேழு வாரம்! "முதல் பிள்ளைக்கு அவ்வளவு வாந்தி எடுத்தாளே டாக்டர், இப்போ ஒண்ணுமே இல்லையே" என்று மாமியார் என்னிடம் வாதாடுகிறார். முதல் பிரசவம் சிசேரியன், அந்தத் தையல் நன்றாக ஆறுவதற்குள் அடுத்தது. எனக்குத்தான் பகீரென்றது.

இந்த வாந்திக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சினிமாவில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார், பாட்டி நாடி பிடித்துச் சொல்லிவிடுவார். நிஜத்தில் மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன பிறகு. பலருக்கு மசக்கையே இருக்காது. முதல் பிள்ளைக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதவர், அடுத்ததற்கு பிரியாணி கேட்பார். வாந்தி எல்லாம் கர்ப்பமும் இல்லை. மஞ்சள் காமாலையை மசக்கை என்று வீட்டிலேயே வைத்திருந்து கண் மஞ்சளான பிறகு கூட்டி வந்தவர்களும் உண்டு.

அசதி, மார்பு கனத்து வலிப்பது இதெல்லாம் மாதவிலக்குக்கு முன்னாலும் வரும். நாள் தள்ளிப்போனதா? அதுதான் முதல் கேள்வி.

பால் கொடுத்தால் கரு தங்காது என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. நடுவில் பவுடர் பால் நுழைந்தால் நம்ப முடியாது. நாற்பதைத் தாண்டியவர்களும் "மாதவிலக்கு நின்னுடுச்சு போல" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

நாள் தள்ளினால் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிக் காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அட்டையில் சொன்ன நேரத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான். மதியம் குப்பையிலிருந்து எடுத்துப் பார்க்காதீர்கள், காய்ந்த பிறகு தெரிவதற்கு அர்த்தமில்லை. இல்லை என்று வந்தும் மாதவிலக்கு வரவில்லையா, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

லேசாக உதிரம் பட்டதை மாதவிலக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல் என்றால் கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். இதனால்தான் மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள் என்று கத்துகிறேன். அந்த மாத்திரை குழாயில் இருக்கும் கருவைக் கலைக்காது. உதிரம் பட்டதும் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், குழாய் உள்ளே வெடிக்கும்.

கர்ப்பம் உறுதியானால் ஃபோலிக் ஆசிட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறவர் அன்றே நிறுத்திவிட்டு வரவேண்டும். ஆனால் வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை மட்டும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தாயே. சீட்டை எடுத்துக்கொண்டு நேரே வாருங்கள், மாற்ற வேண்டுமானால் நாங்கள் மாற்றித் தருகிறோம்.